பூனை எங்கே இருக்கிறது

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோதுதான் மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. ஊர்வலத்தில் முன்னால் போன என் தாய்மாமாவைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. மாமாவோ எங்கள் வீட்டு மச்சில், தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் பாயை விரித்துப் படுத்திருந்தார். வீட்டில் தும்முவதற்குக்கூடப் பயம். அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"ஆரு எங்கன்னு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும் மக்கா. கேட்டியா?"

எந்த 'எங்கே' என்று அவள் பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே எல்லா 'எங்கே'க்கும் நான் பயந்தேன்.

அந்த வாரம் பார்த்து வாத்தியார் கரும்பலகையில் மேலே, கீழே, உள்ளே, பின்னால், இடையில் என்று எழுதிப்போட்டார். 'பூனை இருக்கிறது' என்று மொட்டையாக எழுதினால் படிக்கிறவன் அதை எங்கே போய்த் தேடுவான், இருக்கும் இடத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். அவரவர் வீட்டைப் பற்றிச் சிலேட்டில் ஆளுக்கொரு வாக்கியம். அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் மாமாவைத் தேடிக்கொண்டு வந்தது போலவே இருந்தது. எங்கள் பூனையும் அப்போது மச்சில் மாமாவோடுதான் கிடந்தது.

பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியபோது ஒரு போலீஸ்காரர் வந்து வகுப்பு வாசலில் சாய்ந்து நின்றார். வெயிலுக்கு ஒதுங்கியவரைப் போலத்தான் நின்றார். ஆனால் காது எங்கள் பக்கம் இருந்தது. வாத்தியார் பாடத்தை நிறுத்தவில்லை. ஒருத்தியின் கோழி கூடைக்குள் இருந்தது. இன்னொருவனின் அம்மி அடுக்களைக்குப் பின்னால் இருந்தது. என் முறை வந்ததும் சிலேட்டோடு எழுந்தேன்.

"பூனை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது."

வகுப்பு சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்தார்.

"செரி, ஒங்க வீட்டு அடுப்பு எங்க இருக்கு?" என்றார் வாத்தியார்.

"தெரியாது சார்."

"கெணறு?"

"தெரியாது."

போலீஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஏது வீட்டிலெ குட்டியா?" என்று, எந்த வீட்டுப் பிள்ளை என மலையாளத்தில் விசாரித்தார்.

வாத்தியார் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு, என்னை ஒருநாளும் அடித்திராத அந்த மனிதர், பிரம்பை எடுத்து என் உள்ளங்கையில் ஓங்கிப் போட்டார்.

"அது மந்தம். பேரு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லும். ஏட்டி, போய் மூலையில நில்லு."

போலீஸ்காரர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். வகுப்பில் முதல் மாணவி நான். மந்தம் என்ற சொல் பிரம்படியைவிட எரிந்தது. மூலையில் நின்று அவரை மனதாரச் சபித்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அம்மா என் கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். பிறகு எழுந்து, மாமாவுக்கென்று வைத்திருந்த ஏத்தம்பழச் சீப்பை ஓலைப்பெட்டியில் வைத்து, வாத்தியார் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றாள்.

"அடிச்சவருக்கு எதுக்கும்மா பழம்?"

"கொண்டு குடு மக்கா."

ஆத்திரத்தில் வழியிலேயே இரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை நீட்டினேன். வாத்தியார் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடி வாங்கியது நான், இவர் கண் ஏன் கலங்குகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.