கூட்டிப் போட்ட ஏழு வருஷம்

"கூட்டினாங்க" என்ற ஒரே ஒரு சொல்லை நம்பி, கட்டி வைத்த மூட்டையை நான் அவிழ்த்தேன். இன்றைக்கும் யாராவது ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். சொன்னவர் மேல் ஒரு தப்பும் இருக்காது, பாவம்.

கோலார் தங்க வயலில், பாலகாட் பக்கத்துச் சுரங்கத்தில் என் வீட்டுக்காரர் பாறையில் துளை போடும் வேலை பார்த்தார். காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினால் ஷிப்டு முடிந்துதான் முகம் தெரியும். கல்யாணமான புதிதில், முடியிலும் புருவத்திலும் வெள்ளையாகத் தூசி படிந்து அவர் வந்து நிற்பதைப் பார்த்து, "இன்னாங்க, அங்க மாவு சலிக்கச் சொல்றாங்களா?" என்று கிண்டல் பண்ணுவேன். "இன்னாமே, கெழவன் மாதிரி கீறேனா?" என்று அவரும் சிரிப்பார். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் ஆரம்பிக்கும். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது, இருமல் மட்டும் வந்தது.

எங்கள் லைன் வீடுகளில் அந்த இருமலோடு செத்தவர்கள் யாரும் வயசானவர்கள் இல்லை. எல்லாரும் மீசை கறுத்த ஆட்கள். நான் பிடிவாதம் பிடித்தேன். இனிமேல் உள்ளே இறங்கக் கூடாது என்று தினமும் சண்டை போட்டேன். "எறங்கலன்னா சோறு யாரு போடுவாங்க?" என்பார். "மண்ணு சொமந்தாலும் ஆகாசத்துக்குக் கீழ சொமங்க" என்பேன். என் வாய் அப்படி. அவரை அந்தக் குழியிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் பங்காருபேட்டைச் சர்க்கார் கச்சேரியில் ஒரு சேவகன் வேலை காலியாக இருப்பதாகக் கம்பவுண்டர் வந்து சொன்னார். அவர் சுரங்க ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவர், எங்கள் வேதக்கோயில் சபைக்காரர். தோளில் டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு துரை அறை வாசலில் நிற்க வேண்டும், காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூசி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. சர்க்கார் வேலையில் சேருகிறவர்கள் ஆயுள் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். அதற்குச் சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

அந்த டவாலியின் பித்தளை வில்லையை எதை வைத்துத் துலக்குவது என்றுகூட நான் யோசித்துவிட்டேன். ஆனாலும் ஏமாந்துவிடக் கூடாதே என்று பாத்திரம் பண்டம், துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மூலையில் வைத்தேன். "இந்த வேலை கெடைக்கலன்னா ரயிலேறிடணும். எந்த ஊரா இருந்தாலும் சரி. நீங்க வரலன்னா நான் மட்டும் போயிடுவேன்" என்றேன். அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார்.

டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன்.

"இன்னா சொன்னாங்க?"

"நெஞ்சைத் தட்டித் தட்டிப் பாத்தாரு டாக்டரு. அப்புறம் பெரிய பட்டியல் ஒண்ண விரிச்சி வெச்சிப் பாத்தாங்க."

"பாத்து?"

"ஏழு வருசம் கூட்டிப் போட்டாங்க மே."

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் உபதேசியார் பிரசங்கத்தில் ஒரு ராஜாவின் கதையைச் சொல்லியிருந்தார். சாகக் கிடந்த ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதானாம். கடவுள் மனமிரங்கி அவனுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்தாராம். அந்த வாரம் முழுக்க நானும் சுவரைப் பார்த்துத்தான் அழுதிருந்தேன். அப்படியிருக்க, ஏழு வருஷம் கூட்டினார்கள் என்றால் எனக்கு வேறென்ன தோன்றும்?

"ஆயுசையா? ஐயோ, மெய்யாவா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "ஆமாமே" என்றார்.

"அப்ப வேலை?"

"அது வேற ஆளுக்குப் போச்சி. வுடு."

டவாலி போனால் போகிறது! அத்தனை பெரிய டாக்டர் தட்டிப் பார்த்து, சர்க்கார் பட்டியலை வைத்துப் பார்த்து, இந்த மனுஷன் சாதாரணமாக இருக்கிறதைவிட ஏழு வருஷம் கூடுதலாக இருப்பார் என்று எழுதிவிட்டார்களே. அன்றைக்கே மூட்டையை அவிழ்த்தேன். பாத்திரங்களை மறுபடி அடுக்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் சபையில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பது வழக்கம். என்ன காரணம் என்பதை உபதேசியார் எல்லார் முன்னாலும் வாசிப்பார். "தன் புருஷனுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்ததற்காக ஒரு சகோதரி ஸ்தோத்திரம் செலுத்துகிறாள்" என்று வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் லேசாகத் தலையை அசைத்தார். ஏதோ மரியாதைக்கு அசைக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அடுத்த வருஷமும் காணிக்கை வைத்தேன். இருமல் அதிகமாகிக்கொண்டுதான் இருந்தது. அவரும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி, "ஊருக்குக் கூட்டிக்கினு போயிடு, அக்கா" என்று சொன்னபோது, "சர்க்காரே எழுதி வெச்சிருக்குது, உனக்கு இன்னாடி பயம்?" என்று அவள் வாயை அடைத்தேன். எவ்வளவு திமிராகச் சொன்னேன்!

அதற்கடுத்த வருஷம் அவர் படுத்துவிட்டார். மூச்சு விடுவதே வேலையாகிவிட்டது அவருக்கு. நான் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏழுல பாதிகூட ஆவலியே! மீதி எங்கங்க?" என்று அரற்றினேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"மீதிய நீ வெச்சிக்கமே" என்றார். மறுநாள் விடியவில்லை அவருக்கு.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த கம்பவுண்டர் மேல் நான் பாய்ந்தேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து பொய் எழுதினீர்களா, உங்கள் டாக்டர் நாசமாய்ப் போக என்று கத்தினேன். அந்த மனுஷர் நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஆயுச கூட்டலம்மா. வயச கூட்டினாங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். எந்த வயசுக்காரன் இன்னும் எத்தனை வருஷம் இருப்பான் என்று ஒரு பட்டியல் உண்டாம். அது வெள்ளைக்காரர்களின் சாவை வைத்துப் போட்டதாம். நம் ஆட்கள் வந்தால் வயசோடு சில வருஷம் கூட்டி, அந்த வயசுக்காரனாகத்தான் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கினவன் என்றால் இன்னும் கூட்ட வேண்டும். சர்க்கார் போட்ட விதி அது, டாக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது. "முப்பது வயசு ஆளுக்கு முப்பத்தேழுன்னு எழுதினாங்கம்மா. அந்த வயசுல புதுசா யாரையும் இன்சூரன்சுல சேத்துக்க மாட்டாங்க. அதான் வேலை போச்சி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க காணிக்கை வெச்ச அன்னைக்கிக் கோயில் வாசல்ல என்னைக் கையெடுத்துக் கும்புட்டாரும்மா. 'வேலையில்லாத ஊர்ல அவள எங்க கொண்டுபோயி நிறுத்துவேன்? மூட்டைய அவுத்துட்டா, சிரிக்கிறா, அப்டியே இருக்கட்டும்'னாரு."

பாவி மனுஷா! நான் பட்டினி கிடந்திருப்பேனே. உங்களோடு எந்த ரயிலடியிலாவது பிச்சை எடுத்திருப்பேனே. என் புருஷனைக் கிழவன் என்று எழுதித் தள்ளினதற்கு, நான் சபை நடுவில் நின்று கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடவுளும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அவர் விட்டுப்போன மீதியை நான்தான் வாழ்ந்தேன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தேன். கூட்டல் பாடம் வந்தால் மட்டும் வேறொரு ஆசிரியையிடம் விட்டுவிடுவேன்.

இந்த மாசம் அவர் பிறந்த மாசம். இருந்திருந்தால், யாரும் கூட்டிப் போடாமலே முப்பத்தேழு ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து, அந்த வயசில் அவர் எப்படி இருந்திருப்பார், நரை எங்கே விழுந்திருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தேன். வேறெந்த முகமும் வரவில்லை. கேஜிலிருந்து இறங்கி, முடியிலும் புருவத்திலும் வெள்ளையாகத் தூசி படிந்து வாசலில் வந்து நிற்பாரே, அந்த முகம்தான் வந்தது. அன்றைக்கெல்லாம் அதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.