லைட் என்று எழுதியிருந்த இடம்

சலூனுக்கு வந்துபோன தோல் டொக்டர் திருகோணமலையை விட்டுப் போனது 2006ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்ட மறுநாள். "இனி இந்த றோட்டால வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினார். அவரோடு போகாதது லேசர் மெஷின்தான்.

சமாதான காலத்தில் பாக்கியரத்தினம் முதலாளி தன் சலூனின் பின்னறைக்கு ஏசி பூட்டி, அந்த மெஷினை வாங்கிப் போட்டிருந்தார். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வரும் குணேஸ்வரி முன்னறையில் புருவம் எடுப்பாள், மணப்பெண்களுக்குச் சோடனை செய்வாள். டொக்டர் வரும் நாட்களில் பின்னறையில் துவாய் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"மெஷின் சும்மா கிடந்தா பழுதாப் போயிடும் குணேஸ். நீர் பாத்துப் பழகினனீர்தானே?"

"துவாய் பிடிச்சுப் பழகினனான் முதலாளி."

"பட்டனை அமத்திறதுக்கும் படிப்போ?"

தினமும் இதே கதை. மறுத்து மறுத்து அவளுக்கு வாய் ஓய்ந்துபோனது. அப்படி ஓய்ந்திருந்த நாளில்தான் வசந்தகலா வந்தாள். சின்ன வயதில் கொதிநெய் தெறித்த கருந்தழும்பு ஒன்று அவள் கழுத்தில் இருந்தது. கனடாவில் மாப்பிள்ளை, விசாவும் வந்துவிட்டது. கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி.

"றோட்டில ஒவ்வொரு சென்றியிலயும் ஆமி மறிச்சு என்ர கழுத்தைத்தான் பாக்குது அக்கா. இயக்கத்தில பட்ட காயமோ எண்டு கேக்கிறாங்கள். இதை மட்டும் எடுத்து விடுங்கோ."

குணேஸ்வரி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். திருகியில் ஒரு பக்கம் லைட், மறுபக்கம் டார்க் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த லைட், தேத்தண்ணிக்குச் சாயம் குறைவாக விடுவது. பயந்த கை, குறைவாகவே இருக்கட்டும் என்று லைட்டில் திருப்பி வைத்தாள்.

வசந்தகலா கத்தினாள். கழுத்து பொங்கிக் கொப்பளித்தது.

டொக்டருக்குப் போன் எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. லைட் என்றால் வெள்ளைத் தோல். வெள்ளைத் தோலுக்குத்தான் சூடு கூட. கறுத்த தோலுக்கு டார்க்கில் வைத்திருக்க வேண்டும்.

பழைய தழும்பின் மேல் இப்போது பச்சைக் காயம். விமானத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை. இது மெஷின் சுட்ட காயம் என்று சென்றிகளில் காட்ட ஒரு கடிதம் கேட்டு, குணேஸ்வரி சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்.

"அது சலூன் எண்டுதானே பதிவு? கத்தியும் சீப்பும் கழுவியிருக்கோ எண்டு வந்து பாப்பன். லேசரை என்னெண்டு பாக்கிறது? அதுக்கு எனக்குச் சட்டமும் இல்லை, லேசர் வெளிச்சத்துக்குப் போடுற கண்ணாடியும் இல்லை."

"அப்ப ஆர் சேர் பாக்கிறது?"

"கொழும்பில கேளுங்கோ. அவையள் திருப்பி என்னட்டத்தான் கேப்பினம்."

கடிதம் கிடைக்கவில்லை. பதிலாகக் குணேஸ்வரியே வசந்தகலாவோடு கொழும்பு பஸ் ஏறினாள். கேட்கிற இடமெல்லாம் தான்தான் சுட்டது என்று சொல்லலாம் அல்லவா. முதல் சென்றியில், "அழகாக்கிக்கொள்ளப் போய் வெந்துவிட்டாளா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்து விட்டுவிட்டார்கள். இரண்டாவதில் நின்ற பெண் சிப்பாய் சிரிக்கவில்லை.

"எந்தக் கிளினிக்? லைசென்ஸ் எங்கே?"

குணேஸ்வரியிடம் இருந்தது சலூன் பதிவின் பிரதி. அதைத் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் வாங்கி வாசித்தான். "முடி வெட்டுற இடத்திலயோ கழுத்தைச் சுட்டனீங்கள்?" சொன்னதை நம்பாமல் வசந்தகலாவை விசாரிக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். குணேஸ்வரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் குணேஸ்வரி பின்னறைக்குப் போகவில்லை. முதலாளி வேறொரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். மெஷின் ஓடியது, யாரும் வந்து பார்க்கவில்லை. அவள் வீட்டோடு இருந்து புருவம் எடுத்தாள். வசந்தகலாவின் வீட்டாரும் ஊரை விட்டுப் போய்விட்டதால் விசாரிக்க ஆளில்லை. யாராவது தலையை நிமிர்த்தி உட்கார்ந்தால், கழுத்துப் பக்கம் பார்க்காமலே நூலைப் பிடிப்பாள்.

யுத்தம் முடிந்து நாலு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் வசந்தகலா. ஆமி பிடிச்சு வச்சிருந்து மூண்டு மாசத்தால விட்டவங்கள். பிறகு ஒருமாதிரிக் கனடா வந்திட்டன். இங்க கழுத்துக்கு வைத்தியம் செய்யப் போனனான். முதல் கேள்வியே, இதைச் செய்தது ஆர், என்ன லைசென்ஸ் எண்டுதான். பேர் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."