தலேந்தாவின் வரிசை

"உனக்கு முன்னாடி பச்சைக் கோட்டு போட்ட பொண்ணு ஒருத்தி நின்னா. காபி வாங்கப் போயிருக்கா. அவ இடத்துல நிக்காதே தம்பி, பின்னாடி போ."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார் தலேந்தா. திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. நஜ்மா திரையரங்கில் டிக்கெட் கொடுக்கிற கூண்டின் கண்ணாடியில் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் தெரிகிறார்கள். ஆயுசில் பாதியைக் கண்ணாடியில் முகம் பார்த்தே பேசிக் கழித்தவர் அவர். அந்தப் பையன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போகிறான். தலேந்தா ஒரு சூரியகாந்தி விதையை முன்பல்லில் வைத்துக் கடித்து, தோலை இடது கையில் இருக்கும் காகிதக் கூம்பில் போடுகிறார். தோலைத் தரையில் துப்புகிறவர்களுக்கு அவருடைய வரிசையில் இடமில்லை.

துனிஸ் நகரின் பாப் எல் ஃகத்ரா பேட்டையில், மீன் கடைக்கும் சாவி போடுகிறவன் கடைக்கும் நடுவே, அவருடைய சலூன் இருக்கிறது. மூன்று நாற்காலி, இரண்டு கண்ணாடி. மூன்றாவது நாற்காலியில் உட்காருகிறவர்கள் தலை எப்படி வந்திருக்கிறது என்பதைத் தலேந்தாவின் வாய்ச்சொல்லாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷத்தில் ஒரு வாரம், துனிஸில் சினிமாத் திருவிழா நடக்கும் வாரம், அந்தக் கடை பூட்டியிருக்கும். மணப்பெண் அழுதாலும் திறக்காது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இதற்குப் பழகிவிட்டன. கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னால் திருவிழாத் தேதியை விசாரித்துக்கொள்கிறார்கள். நஜ்மா திரையரங்கின் வாசலைக் காக்கும் லம்ஜெத்தின் கல்யாணமே இப்படித்தான் ஒரு வாரம் தள்ளிப்போனது.

வரிசைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. ஒரு வருஷம் கூட்டம் முட்டித் தள்ளி நஜ்மாவின் கண்ணாடிக் கதவு உடைந்தது, ஒரு மாணவியின் கை கிழிந்தது. தலேந்தா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்தக் கையைக் கட்டிவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாராம். மறுநாளிலிருந்து வரிசை அவருடையது. சட்டங்கள் எளிமையானவை. காபிக்கும் கழிவறைக்கும் போகலாம், தொழுகைக்குப் போகலாம், சண்டை போடப் போகக்கூடாது. நண்பனுக்காக இடம் பிடிக்கலாம், நண்பனின் நண்பனுக்காகப் பிடிக்க முடியாது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருகிற திருவிழாக்காரர்கள் நேராக உள்ளே போவதை மட்டும் அவரால் தடுக்க முடிந்ததில்லை. ஆகவே, அவர்கள் கடந்து போகும்போதெல்லாம் அவர் ஒரு விதையைச் சத்தமாகக் கடிப்பார்.

"அட்டைய வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு எழுந்து போவான்," என்பார் தனக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் நாஜியிடம். நாஜி, மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சில் கஞ்சர். "காசு குடுத்தவன் மோசமான படத்தையும் கடைசி வரைக்கும் பார்ப்பான். மரியாதை தெரிஞ்சவன் அவன்தான்."

படம் பார்க்கும்போதும் அவர் கண் தலைமுடியிலேயே இருக்கும். ஒரு படத்தில் கதாநாயகி வருஷக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தாள், சுருள் சுருளாக விழுந்தது கூந்தல். படம் முடிந்து இயக்குநர் மேடையில் நின்று, கேள்வி உண்டா என்று கேட்டதும் முதல் கை தலேந்தாவினுடையது. "அந்த ஜெயில் எங்கே இருக்குங்கய்யா? நானும் கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வரேன்." அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஏமாற்றப்பட்டவரின் கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

போன குளிர்காலத்தில் ஸ்கந்தெர் என்ற இளம் இயக்குநர் அவருடைய சலூனைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வந்தான். கதாநாயகி வீட்டைவிட்டுப் போகும் நாளன்று தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறாள், அந்தக் காட்சிக்கு நிஜமான சலூன் வேண்டும். வெட்டுகிறவராகத் தலேந்தாவே நிற்கட்டும் என்று முடிவானது. அவருக்கு ஒரு வசனம். "உனக்கு நிச்சயமா, மகளே?" என்று எழுதியிருந்தார்கள்.

தலேந்தா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எந்த முடிதிருத்துறவ இப்படிக் கேப்பா? கேட்டா வந்தவ எழுந்து போயிடுவா." அவர் தன் கடையில் மணப்பெண்களிடமும் விதவைகளிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு வரியையே கேமரா முன்னால் சொன்னார்: "அழறதா இருந்தா இப்பவே அழுதுடு. கத்தரி எடுத்த பிறகு அழுதா காது போயிடும்." கதாநாயகியாக நடித்த பெண் கண்ணில் நீரோடு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஸ்கந்தெர் ஓடி வந்து தலேந்தாவின் நெற்றியில் முத்தமிட்டான். "பெரியம்மா, திருவிழாவுல முதல் வரிசையில உங்களுக்கு நாற்காலி," என்றான்.

அந்த வரி பாப் எல் ஃகத்ரா முழுக்கத் தெரியும். மீன்காரன் அதைச் சொல்லித்தான் மீனை அறுக்கிறான். திருவிழா நெருங்க நெருங்க எல்லோரும் கேட்டார்கள்: அழைப்பிதழ் வந்துவிட்டதா? வரவில்லை. தலேந்தா ஸ்கந்தெருக்குப் போன் போடவும் இல்லை. "கேட்டு வாங்குறதுக்குப் பேர் அழைப்பு இல்ல," என்று சொல்லிவிட்டு, எல்லோரையும்போல டிக்கெட் வாங்கினார். ஆனால் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. வெட்டிவிட்டார்களோ? படம் எடுக்கிறவர்களும் வெட்டுகிறவர்கள்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த வரி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். இங்கே ஒரே ஒரு முறைதான் திரையிடுகிறார்கள். அதோடு படம் வெளிநாட்டுத் திருவிழாக்களுக்குப் போய்விடும், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் படம் திரையிடும் அன்று மாலை, பெரிய சாலையின் மரங்களில் குருவிகள் காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்தன. வரிசை மூலை திரும்பி பழக்கடை வரை போயிருந்தது. நஜ்மாவின் வாசலில் சிவப்புக் கம்பளம். கார்கள் வந்தன, படம் பிடித்தார்கள், விருந்தினர்கள் சிரித்தபடி உள்ளே போனார்கள். கடைசியில் ஸ்கந்தெர் வந்தான், இரவல் வாங்கியதுபோல ஒரு கறுப்புக் கோட்டில். வரிசையின் முகப்பில் மடக்கு நாற்காலியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

"பெரியம்மா, அழைப்பிதழ்… ஆபீஸ்ல யாரோ விட்டுட்டாங்க போல. வாங்க, என்கூட வாங்க."

தலேந்தா எழுந்திருக்கவில்லை. "வசனம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்கந்தெர் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். "உள்ள வந்து பாருங்களேன்."

"வரேன். என் முறை வரும்போது வரேன். நீ போ தம்பி, உன்னைக் கூப்பிடுறாங்க."

அவன் போன கொஞ்ச நேரத்தில் லம்ஜெத் வந்து இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினான். அரங்கம் நிறைந்துவிட்டதாம். வரிசையில் எல்லோர் கையிலும் டிக்கெட் இருந்தது. ஒரே கூச்சல். நாஜி கூட வாய் திறந்து, "அநியாயம்," என்றார்.

தலேந்தா கத்தவில்லை. அவர் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நஜ்மாவின் பக்கக் கதவு அந்தச் சந்தில்தான் திறக்கும்.

"நாஜி அண்ணே, அந்தக் கொண்டையப் பாருங்க. முத்து வச்ச கொண்டை. இப்பத்தான் கம்பளம் வழியா உள்ள போச்சு. இப்ப சந்து வழியா வெளிய வருது. அதோ, அந்த வழுக்கையும் அப்படித்தான்."

கம்பளத்தில் படம் பிடித்து முடிந்தாயிற்று, இனி ஹோட்டலில் விருந்து. நடுவில் இருக்கிற படத்தை யார் பார்ப்பது? வருஷா வருஷம் நடப்பதுதான். காலி நாற்காலிகள் மேல் 'விருந்தினருக்கு மட்டும்' என்ற காகிதம் படம் முடிகிறவரை உட்கார்ந்திருக்கும், காசு கொடுத்தவர்கள் வெளியே நிற்பார்கள்.

லம்ஜெத் கம்பி இடுக்கு வழியாகக் குனிந்தான். "தலேந்தா அம்மா, நீங்க மட்டும் பக்கக் கதவுக்கு வாங்க. உங்களை விட்டுடறேன். உங்க படம், நீங்க பார்க்கலைன்னா எனக்கே மனசு கேக்காது."

பிரியமாகத்தான் சொன்னான். உள்ளே விளக்கை அணைக்கப் போகிறார்கள். அந்தக் காட்சி படத்தில் எங்கே வருகிறது, தொடக்கத்திலா முடிவிலா என்பதுகூட அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பச்சைக் கோட்டுப் பெண், முணுமுணுத்த பையன், மூலை வரை தலைகள்.

"என் படம்னு நீயே சொல்றே. அப்ப என் விருந்தாளிங்க இவங்க," என்றார். எழுந்து நாற்காலியை மடக்கினார். "எல்லாரும் கேளுங்க. வரிசை சந்துக்குப் போகுது. யாரும் ஓடக்கூடாது. யார் பின்னாடி யார் நின்னாங்களோ அப்படியே வரணும். முந்தினவனை நான் மறக்க மாட்டேன்."

அவ்வளவு பெரிய வரிசை கலையாமல் அப்படியே வளைந்து சந்துக்குள் போனதைப் பார்த்த பழக்கடைக்காரன், எடை போடுவதை நிறுத்திவிட்டானாம். பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவிருந்த ஒரு பெரிய மனிதர், எதிரே சந்து நிறைய ஜனம் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா இது, வழிய விடுங்க."

"வழி இருக்குங்கய்யா. நீங்க ஒருத்தர் வெளிய வாங்க, எங்காளு ஒருத்தர் உள்ள போகட்டும். உங்க அவசரம் உங்களுக்கு, எங்க அவசரம் எங்களுக்கு."

பெரிய மனிதர் லம்ஜெத்தைத் தேடினார். லம்ஜெத் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தான். அவன் தோளிலிருந்த வாக்கி-டாக்கியில் மேலாளர் கத்துவது எல்லோருக்கும் கேட்டது: பக்கக் கதவைப் பூட்டு. லம்ஜெத் அதில் வாயை வைத்து நிதானமாகச் சொன்னான்: "பூட்டலாம் ஸார். விருந்தினருங்க வெளிய போய்க்கிட்டு இருக்காங்க, நடுவுல பூட்டினா நசுங்கிடுவாங்க." பிறகு தலேந்தாவைப் பார்க்காமல், கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டான்.

பெரிய மனிதர் வெளியே வந்தார், நாஜி உள்ளே போனார். பெரிய மனிதரின் மனைவி வெளியே வந்தார், பச்சைக் கோட்டுப் பெண் உள்ளே போனாள். ஒரு பெண்மணியின் கொண்டையிலிருந்து ஊசி துருத்திக்கொண்டிருந்தது. தலேந்தா அவரை நிறுத்தி, "கொண்டை அருமையா இருக்கும்மா, ஊசி மட்டும் தெரியுது," என்று உள்ளே செருகிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பினார். அந்தப் பெண்மணிக்குக் கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

"நீங்க போங்க பெரியம்மா, நான் பார்த்துக்கறேன்," என்றான் முணுமுணுத்த பையன், தன் முறை வந்தபோது.

"நீ பார்த்துப்பே. உன் கூட்டாளிங்களை முதல்ல விட்டுட்டு. போ உள்ள."

உள்ளே இசை தொடங்கிவிட்டது. சுவர் வழியாக வயலின் கேட்டது. ஒவ்வொரு ஆளாக உள்ளே போகப் போக, தலேந்தாவின் படமும் அவர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தையே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வெளியேறுகிற விருந்தினர் வரத்து தீர்ந்தபோது சந்தில் அவரும் மடக்கு நாற்காலியும்தான் மிச்சம்.

"இப்பவாவது வாங்க," என்றான் லம்ஜெத்.

இருட்டில் அவர் தடவித் தடவிப் போனார். விருந்தினர் வரிசைகள் முழுக்க அவருடைய ஆட்கள். நாஜி தன் பக்கத்து நாற்காலி மேல் தொப்பியைப் போட்டு வைத்திருந்தார். தொப்பிக்கு அடியில் 'விருந்தினருக்கு மட்டும்' காகிதம் இன்னும் அப்படியே ஒட்டியிருந்தது. தலேந்தா அதைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

வந்தது. திரை நிறைய அவருடைய சலூன், அதன் கண்ணாடி, அதில் கதாநாயகியின் முகம். பின்னால் கத்தரியோடு தலேந்தா. திரையிலிருந்த தலேந்தா குனிந்து வாயைத் திறந்தார். வயலின் உயர்ந்தது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. சோகமான இசை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஓடியது.

திரைக்கு இந்தப் பக்கம், பாப் எல் ஃகத்ராவின் சலூனில் பேசுகிற அதே குரலில், தலேந்தா சொன்னார்:

"அழறதா இருந்தா இப்பவே அழுதுடு. கத்தரி எடுத்த பிறகு அழுதா காது போயிடும்."

திரையில் கதாநாயகி கண்ணீரோடு சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்பது அரங்கத்துக்கு விளங்கியது. விருந்தினர் வரிசைகள் முழுக்கச் சிரித்தன, கைதட்டின. முன்வரிசையில் ஸ்கந்தெர் பாதி எழுந்து, இருட்டுக்குள் திரும்பிப் பார்த்தான்.

தலேந்தா அவனைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த காகிதத்தை எழுத்து வெளியே தெரிகிற மாதிரி கூம்பாகச் சுருட்டினார். பையிலிருந்து ஒரு விதையை எடுத்துக் கடித்து, தோலை அதற்குள் போட்டார்.