வட்டப்பெயருக்கு இடமில்லாத அட்டவணை

சென்ற வாரம் வடசேரியில் ஆதார் நகல் எடுக்க நின்றபோது, ஜெராக்ஸ் மிஷினிலிருந்து சூடான தாளின் மணம் வந்தது. ஒரு காலத்தில் அதே மணத்தில் நாற்பது பக்கங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். போஸ்ட்கிரஸ் என்ற கட்டற்ற டேட்டாபேஸை எளிய தமிழில் கற்றுத்தரும் கையேடு. எழுதியது, நகலெடுத்தது, ஓசியில் விநியோகித்தது எல்லாம் அடியேன். 'போஸ்ட்கிரஸ் எல்லோருக்கும் இலவசம்' என்று பஸ் நிலையத்தில் நீட்டினால், ஜனங்கள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே விலகிப்போவார்கள்.

முழுக்கப் படித்த ஒரே ஜீவன், முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைச் சர்ச்சின் பங்கு அலுவலகத்தில் கணினி பார்த்த செல்வி. கடலுக்குப் போகிறவர்களின் பட்டியலை இருவருமாக டேட்டாபேஸில் ஏற்றினோம்.

"வட்டப்பேருக்கு ஒரு கட்டம் வைக்காண்டாமா சார்? இங்க பாதிப்பேரு அந்தோணியாக்கும்."

"பட்டப்பேரெல்லாம் போட்டா மரியாதையா இருக்காது. ஆளுக்கொரு நம்பர் இருக்குல்லா."

அந்த எண்ணின் மகிமைக்கு மட்டும் கையேட்டில் மூன்று பக்கம்.

அந்த வருஷப் புயலில் சில வள்ளங்கள் திரும்பவில்லை. பட்டியலை அச்செடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தோம். இரண்டாம் நாள் போன் வந்தது. தூரத்துத் துறைமுகத்தில் ஒருவரைக் கரைசேர்த்திருக்கிறார்கள். பெயர் அந்தோணி, தகப்பன் சூசை. மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் போயிற்று. பிறகு எடுப்பாரில்லை.

தேடினேன். கண்மூடித் திறப்பதற்குள் மூன்று வரிகள் வந்தன. மூன்றும் சரி: திரும்பாதவர்களில் மூன்று அந்தோணி, மூவருக்கும் தகப்பன் சூசை. எண்கள் வேறு வேறுதான். நீந்திக் கரையேறியவனுக்குத் தன் எண் தெரியுமா?

மூவரின் மனைவிமாரும் எதிரே பெஞ்சில் இருந்தார்கள்.

"அதுல ஒருக்கா கூடக் கேளும் சாரே, எவம்னு சொல்லும்" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, அது என்ன சோசியமா?" என்றாள் இன்னொருத்தி.

கேட்டேன். மறுபடியும் மூன்று வரிகள். செல்வி என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் போய்த் தண்ணீர் மொண்டு வந்து மூவருக்கும் கொடுத்தாள்.

மறுநாள் ஜீப்பில் வந்திறங்கிய அந்தோணியைக் கண்டு ஒருத்தி ஓடினாள். மற்ற இருவரும் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

புதிதாக ஒரு கட்டம் சேர்க்க ஒரே வரிக் கட்டளைதான். அடுத்த வாரம் சேர்த்தேன். வராத இருவரின் வட்டப்பெயரையும் வீட்டில் போய்க் கேட்டு வந்து ஏற்றிய செல்வி, "இவியள அழிக்காண்டாம் சார்" என்றாள்.

இப்போது கற்றுக்கொள்ள இலவசக் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. என் கையேட்டை எவரும் தேடவில்லை, அதில் வருத்தமுமில்லை. செல்வி கல்யாணமாகி அருமனைப் பக்கம் போய்விட்டாள். பங்கு அலுவலகம் செல்போன் ஆப்புக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டு, மாற்றிக்கொடுத்தவரிடம் அந்த இரண்டு பெயர்களைக் கேட்டேன். சிரத்தையாகத் தேடிப்பார்த்தார்.

"இப்பம் கடலுக்குப் போறவங்கள மட்டும்தான் எடுத்தோம் சார். பழைய மெஷின எடைக்குப் போட்டாச்சு."