முடி பிழிகிறவள்

ரங்கூனிலிருந்து கப்பல் ஏறியபோது நகையைத் துறைமுகத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். இதை விட்டுவிட்டார்கள். கட்டைவிரல் உயரத்து வெண்கலப் பொம்மையை யார் சீந்துவார்கள்?

பூமாதேவி. நம்மூர்ப் பூமாதேவி இல்லை, பர்மாவில் புத்தர் கோயிலில் இருக்கிறவள். நீள முடியை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருப்பாள். புத்தர் தானம் கொடுத்தபோதெல்லாம் தாரை வார்த்த தண்ணீர் அந்த முடியில்தான் இருக்கிறதாம். நடந்ததெல்லாம் நிஜம் என்று சாட்சி சொல்லத்தான் பிழிகிறாள். என் புருஷன் பழைய பாத்திரக் கடையில் வாங்கியது. அவர் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. "நீ முன்னால போ, அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று என் கையில் கொடுத்தார்.

கவரைப்பேட்டையில் ஒரு அறை. அரிசி மில் களத்தில் நெல் கிளறுகிற வேலை. கப்பல்கள் வந்தன, பிறகு நின்றும்போயின. அவர் வரவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. பொம்மையோடு பேசினேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கொன்றும் பைத்தியம் இல்லை. மாடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா நிலபுலன் உள்ளவள். அவள் பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. முறம் கேட்க வந்தவள் மாடத்தைப் பார்த்தாள்.

"இன்னாமே இது, தலமுழுவுறாளா?"

புத்தர் கதையைச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. எழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுவோம். ஒருத்தரை வேண்டாமென்று விட்டாலும் தலைமுழுகியாச்சு என்போம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சாவுத்தண்ணி சொட்டுற பொம்பளய உள்ள வெச்சுக்கினு இருந்தா எம்பொண்ணுக்கு எப்படி வரன் வரும்? ஆத்துல போடு. இல்லன்னா ரூமைக் காலி பண்ணு."

"இத்தப் பாத்துதான்க்கா இவ புருஷனே அங்க நின்னுக்கினான்," என்று சிரித்தாள் மற்றவள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அவர் தலமுழுகினது என்னை," என்றேன். "இந்தப் பொம்மை அவரை ஒண்ணும் பண்ணல."

அத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சிரிப்பு நின்றது. வீட்டுக்காரம்மா முந்தினநாள் வாங்கிப்போன முறத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். ஆனால் காலி பண்ணச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் கெஞ்சவில்லை.

புதுவாயலில், லேத்துப் பட்டறைக்குப் பின்னால் வேறு அறை பிடித்தேன். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அவளை வைத்தேன். இது யார் என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு யாராவது உள்ளே வர வேண்டுமே.