அலுமாரிக்குள் பெற்றோல்

புங்குடுதீவில் சரவணமுத்தரைக் கஞ்சன் என்று சொல்லாத வாய் இல்லை. எச்சில் கையால் காகம் கலைக்காத மனிசன் என்பார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது, சொல்லுவார்கள். கோயில் திருவிழாவுக்குக் கேட்காமலே அரிசி மூட்டை அனுப்புகிறவரும் அவர்தான். அவருடைய வியாதி கஞ்சத்தனம் இல்லை. எந்தப் பொருளையும் வெளியில் விட்டுவைக்க அவரால் ஏலாது. மண்வெட்டி, வாளி, காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியல் எல்லாம் பொழுதுபடுமுன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வந்ததைப் பூட்டவும் வேண்டும். சாவிகளைக் கோத்த திறப்புக் கோர்வை அவருடைய இடுப்பை விட்டு இறங்காது.

இந்த வியாதி சும்மா வரவில்லை. தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் அவருக்குக் கடை இருந்தது. அரிசி, பருப்பு, மருந்துச் சரக்கு, போத்தலில் அடைத்த ஆயுள்வேத அரிட்டம் எல்லாம் விற்ற கடை. ஐம்பத்தெட்டாம் ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அது எரிந்தது. அன்றைக்கு அவர் பக்கத்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போயிருந்தார். திரும்பி வந்தபோது சுவர்தான் நின்றது. மிஞ்சியது அந்த இங்கிலீஸ் மோட்டார் சைக்கிளும் உடுத்த வேட்டியும். அதோடு ஊருக்கு வந்தவர், தோட்டம் செய்து, ஒரு மகளையும் காரைநகரில் கட்டிக்கொடுத்தார். சூடு கண்ட பூனையை ஏன் அடுப்பங்கரைக்குப் போகவில்லை என்று கேட்க முடியுமா?

எழுபத்துநாலாம் ஆண்டு பெற்றோல் விலை ஏறி, அது கிடைப்பதும் அரிதானது. யாழ்ப்பாணத்திலிருந்து கானில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். சரவணமுத்தருக்கு ஒரு யோசனை வந்தது. வெய்யிலில் நிற்கிற டாங்கியில் கிடந்தால் பெற்றோல் ஆவியாய்ப் போகும், இல்லாவிட்டால் யாராவது உறிஞ்சிக்கொண்டு போவான். ஆகவே ஓடி வந்து நிறுத்தினதும் கடைசிச் சொட்டுவரை போத்தல்களில் வடித்து, இருவரும் படுக்கிற அறையிலிருந்த தேக்கு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டிவிடுவார். மேல்தட்டில் மனைவி மீனலோசனியின் சீலைகள் இருந்தன.

“இஞ்சாருங்கோ, என்ரை சீலையெல்லாம் மணக்குது,” என்றாள் அவள்.

“பெற்றோல் பெற்றோலாத்தான் மணக்கும். பின்னை மல்லிகைப்பூவாவோ மணக்கும்?”

அவள் சீலைகளை மடித்து மீண்டும் மேல்தட்டில் அடுக்கினாள். மீனலோசனிக்கு நெடுநாளாய் முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. மழைக்காலத்தில் இரண்டொரு முறை இழுக்கும், அடங்கும். அந்த வருடம் மழை வருமுன்னரே அடிக்கடி இழுத்தது. சோளகக் காற்றுப் புழுதிதான் காரணம் என்று இருவரும் நினைத்தார்கள்.

அதே காலத்தில்தான் மோட்டார் சைக்கிள் ஒழுகத் தொடங்கியது. டாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடுகிற பித்தளை டப் ஒன்று உண்டு. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். அதன் கீழே மணலில் ஈரம் தெரிந்தது.  ஒரு சொட்டைக் கூட விடாமல் காக்கிற மனிசனுக்கு இது எப்படி இருக்கும்!

முதலில் டாங்கி ஒட்டு விட்டுவிட்டது என்று நினைத்து அதிலே துணி தோய்க்கிற சவுக்காரத்தை அப்பினார். ஒழுகியது. திருகு மரைக்குள்ளால் வருகிறதென்று டப்பைக் கழற்றி, நூல் சுற்றி இறுக்கினார். அதற்கும் ஒழுகியது. பழைய செருப்பை வெட்டி ஒரு வாசர் செய்து போட்டார். முதல் நாள் ராசா மாதிரி நின்றது. அடுத்த நாள் பெற்றோலில் ஊறி, வடை மாதிரி உப்பிப் பிய்ந்துபோனது. பக்கத்து வளவுத் தம்பையா, பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்ந்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, உங்கடை சைக்கிளுக்குச் சலரோகம் போல கிடக்கு. சீனியைக் குறையுங்கோ!”

“பகிடியை விட்டிட்டு உம்மடை வேலையைப் பாரும்.”

ஒழுக ஒழுக அவர் இன்னும் கெதியாய் வடித்தார். சந்திக்குப் போய் வந்து இறங்கினாலும் உடனே வடித்துப் பூட்டினார். டாங்கி எந்நேரமும் காய்ந்தே கிடந்தது. ஒழுகல் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆடி மாதத்து ஒரு மத்தியானம் மீனலோசனிக்கு முட்டு இழுத்தது. வழக்கமான இழுப்பு இல்லை. கதிரையின் இரு கையையும் பிடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி உயர்த்திக் காற்றைத் தேடினாள். கசாயம் இறங்கவில்லை. குறிகட்டுவானிலிருந்து பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உயிர் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அலுமாரியைத் திறந்தார். வெளிக்கிட்டுப் போக நல்ல சீலை ஒன்றை உருவி அவளுக்குச் சுற்றிவிட்டார். இருந்த பெற்றோல் முழுவதையும் டாங்கியில் ஊற்றினார். ஊற்றும்போதே டப்பிலிருந்து சொட்டியது. பழந்துணியால் இறுக்கிக் கட்டினார்.

“என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரும் மீனா. விட்டிடாதையும்.”

கிராமச் சந்திகள் கடந்தன. அவளுடைய மூச்சு அவருடைய பிடரியில் விசிலடித்தது. கடலுக்குக் குறுக்கே வேலணைக்குப் போகிற தாம்போதியில் ஏறி, இரு பக்கமும் கடல் விரிந்த இடத்தில், எஞ்சின் இருமி நின்றது. டாங்கிக்குள் ஒன்றுமில்லை. எஞ்சினும் அவருடைய காலும் பெற்றோலில் நனைந்திருந்தன.

“ஐயோ, கடவுளே!” என்று வாய்விட்டுக் கத்தினார். வெறி வந்தவர் போல டப்பின் தண்டை வெளியே இழுத்தெடுத்தார். அதன் நுனியில் பெற்றோலை அடைக்கிற தக்கை இருந்தது. இவ்வளவு நாளும் ஒட்டையும் மரையையும் சந்தேகித்தவர் இந்தத் தக்கையைப் பார்க்கவே இல்லை. அது காய்ந்து, சுருங்கி, தண்டில் கழன்று சுற்றியது.

தக்கையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கடையில் அரிட்டப் போத்தல்களைச் சரித்துத்தான் அடுக்குவார். நிமிர்த்தி வைத்தால் தக்கை ஈரமில்லாமல் சுருங்கும், போத்தல் ஒழுகும். ஈரத்திலே கிடந்தால்தான் தக்கை தக்கையாய் இருக்கும். டாங்கியில் பெற்றோலை விட்டிருந்தால் ஒழுகியிருக்காது. சொட்டும் மிஞ்சாமல் வடித்து வடித்து அதைக் காயவைத்தது அவருடைய கைதான். உள்ளதும் போச்சு.

மீனலோசனி கற்கட்டில் குந்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் தண்டை மடியில் செருகிக்கொண்டு ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார்.

அந்நேரம் குருசுமுத்துவின் மீன் வான் வந்தது. யாழ்ப்பாணச் சந்தைக்கு மீன் ஏற்றிப் போகிறவன். பார்த்தவுடன் பிரேக் போட்டான்.

“அக்காவை முன்னுக்கு ஏத்துங்கோ. நான் ஊர்காவற்றுறைக்குத் திருப்பிறன்.”

“உன்ரை மீன், தம்பி…”

“ஐஸ் உருகினால் உருகட்டும், ஏறுங்கோ அண்ணை! சைக்கிளை ஓரமாத் தள்ளிப் பூட்டிப்போட்டு வாறியளோ?”

பதினாறு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்த மோட்டார் சைக்கிள் நடுத் தாம்போதியில் நின்றது. சரவணமுத்தர் திரும்பியும் பார்க்கவில்லை.

“கிடக்கட்டும். நீ வானை விடு.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். பொழுதுசாயத்தான் இழுப்பு தணிந்தது. இளம் டொக்டர் வெளியே வந்தார்.

“அம்மாவின்ரை சீலையிலை பெற்றோல் ஊத்துப்பட்டதோ? ஆஸ்பத்திரி வோட்டெல்லாம் மணக்குது.”

“இல்லை ஐயா. அது அலுமாரியிலை இருந்த சீலை.”

“அலுமாரியிலையோ?”

சரவணமுத்தர் நடந்ததைச் சொன்னார். டொக்டர் அவரை ஏசவில்லை. “முட்டுக்காரருக்கு இந்த மணம் ஆகாது. பூட்டின அறைக்குள்ளை எவ்வளவு காலமா மூச்சு விட்டவ?” என்று மட்டும் கேட்டார். சரவணமுத்தருக்குப் பதில் தெரியும். பெற்றோல் அலுமாரிக்குள் போன மாதத்தில்தான் இழுப்பும் கூடியது. அவள் சொன்னாள்தானே, மணக்குது என்று. மல்லிகைப்பூவாவோ மணக்கும் என்று கேட்ட நாக்கை இழுத்து அறுக்கலாம் போலிருந்தது.

அவள் வோட்டில் இருந்த நாட்களில் அவர் ஊருக்கு வந்தார். மோட்டார் சைக்கிளைத் தம்பையா உருட்டிக்கொண்டு வந்து முருங்கையின் கீழ் நிறுத்தியிருந்தார். ஒரு மரையும் களவு போகவில்லை. குசினியில் வெந்நீர் வைத்துத் தக்கையை ஊறப்போட்டார். அது உப்பி, டப்புக்குள் கச்சிதமாய் இறுகியது. யாழ்ப்பாணம் போய் வாங்கிவந்த பெற்றோலை ஊற்றினார். ஒரு சொட்டும் விழவில்லை. அதைக் கண்டு அவருக்குச் சந்தோசம் வரவில்லை.

பிறகு சீலைகளை எல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தோய்த்தார். ரோட்டால் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாய் மணந்து பார்த்துக் கொடியில் போட்டார். தம்பையா வேலியில் நின்றார். அன்றைக்கு அவரும் பகிடி விடவில்லை. கூறைச் சீலையை மட்டும் மூன்றுதரம் அலசியும் மணம் போகவில்லை.

மீனலோசனி மெலிந்து வீட்டுக்கு வந்தாள். கூறையை எடுத்து மணந்தாள்.

“இன்னும் மணக்குதப்பா.”

“ஓம்.”

“அலுமாரியைத் திறந்து விடுங்கோ. காத்துப் படட்டும்.”

இரண்டு கதவையும் அகலத் திறந்தார். திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவளுடைய மடியில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இழுப்பு இனி வராதென்று டொக்டர் சொல்லவில்லை.

அந்திப்பொழுதில் அவள் கதிரையில் கண்ணயர்ந்தாள். முற்றத்தில் நிறைந்த டாங்கியோடு மோட்டார் சைக்கிள் நின்றது. இத்தனை வருடமும் வேலியில் கள்ளனின் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்திருந்தவர், இப்போது அவளுடைய மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அது இடையில் ஒருதரம் தடக்கியது. அவருடைய கை இடுப்பைத் தடவியது. அங்கே திறப்பு இல்லை. இருந்திருந்தாலும் அதைக் கொண்டு பூட்டிவைக்கக் கூடிய பொருளா மூச்சு?