கடல் எந்தப் பக்கம்

இந்த ஊரில் சூரியன் கடல் பக்கம் இறங்குகிறது. வந்து இரண்டாவது ஆண்டு முடியப்போகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. அவெய்ரோ, போர்த்துகலின் மேற்குக் கரையில் இருக்கும் சிறிய நகரம். மாலையில் கலைப்பள்ளியை விட்டு வெளியே வந்தால் உப்பங்கழிக்கு அப்பால் வானம் சிவந்திருக்கும். அதைப் பார்த்ததும் உடம்பு அதை விடியற்காலை என்று எடுத்துக்கொள்கிறது. பேருந்து நிறுத்தம் இருக்கும் திசைக்கு எதிராகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் பிறகு திரும்பி வருகிறேன். எதிரில் வருகிறவர்கள் நான் எதையோ மறந்துவிட்டதாக நினைத்துச் சிரிக்கிறார்கள்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில், அனுமந்தையில் பிறந்தவள் நான். எங்களுக்கு இடது, வலது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட சொற்கள். வீட்டில் கடல் பக்கம், ரோட்டுப் பக்கம், அவ்வளவுதான். "கொஞ்சம் கடல் பக்கமா தள்ளி உக்காரு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்வோம். உப்பளத்தில் யாருக்கு எந்தப் பாத்தி என்று காட்ட வேண்டியிருந்தால் மேஸ்திரி மண்ணில் குச்சியால் கோடு போடுவார். எந்த இடத்தில் நின்று போட்டாலும் முதல் கோடு கடல். அது உண்மையான கடல் இருக்கும் பக்கமாகத்தான் விழும். வேறு மாதிரி போட்டால் யாருக்கும் புரியாது.

எனக்கு நாற்பத்தாறு வயது. குயிலாப்பாளையத்தில் கையால் செய்த காகிதம் விற்கும் கடையில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். காகிதம் வாங்க வந்த ஓவியர்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் ஆரம்பித்தது, இந்தப் பள்ளியில் அச்சுக்கலையும் ஒளிப்படமும் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைப்பதில் முடிந்தது. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் என் வயதில் பாதி. ஊரில் எனக்கு இருப்பது என் அக்கா ரெஜினாவும் அக்கா வீட்டுக்கார மாமாவும்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்கா. உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு இழுத்து, வரப்பில் குவித்து அவள் வேலை செய்ததால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை.

இங்கே எனக்கு மிக எளிதாகப் பிடிபட்டது தகட்டு அச்சு. துத்தநாகத் தகட்டின் மேல் ஒளிபட்டால் இறுகும் படலம் ஒன்றை ஒட்டுவார்கள். அதன்மேல் படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படத்தில் கருப்பாக இருந்த இடமெல்லாம் படலம் கரைந்து தகடு வெளியே தெரியும். பிறகு மயில்துத்தமும் உப்பும் கரைத்த தொட்டியில் போட்டால் அந்த இடங்கள் மட்டும் அரித்துக் குழியும். மை தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து எந்திரத்தில் அழுத்தி எடுத்தால், தகட்டில் குழியாக இருந்தது காகிதத்தில் மேடாக எழும்பி நிற்கும். இடவலமும் மாறிவிடும்.

முதல் நாள் கரைசல் கலக்கும்போது ஆசிரியை தெரேசா உப்புக்காகக் கையை நீட்டினார். நான் கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன். மறுபடி நீட்டினார். நான் கிண்ணத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, தன்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வழக்கம் என்றேன். "இந்து மதத்திலா?" என்றார். நான் கிறிஸ்தவள் என்று சொன்னேன். "எப்போது மாறினீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார். என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக் கதையைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் போர்த்துகீசியம் இல்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

முதல் ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பள்ளியின் பிலிம் கேமராவை எடுத்துப் போயிருந்தேன். கோடைக்காலம். உப்பு நன்றாக விளைந்திருந்தது. வரப்பில் வடக்குப் பார்த்து நின்றேன். வலது பக்கம் சவுக்குத் தோப்பும் அதன் பின்னால் கடலும். இடது பக்கம் மோட்டார் கொட்டகையும் ரோடும். நடுவில் பாத்திகள், கருத்த வரப்புகள், முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்பு இழுக்கும் பலகையோடு அக்கா.

"இன்னாடி அது, உப்பயே மொறச்சி மொறச்சிப் பாக்குற. என்னப் புடிடி. நாளைக்கி செத்தா மாட்டுறதுக்கு ஒரு போட்டோ கெடியாது."

"கொஞ்சம் கடல் பக்கமா நில்லுக்கா."

"தோ நிக்கிறேன். மெதுவா புடி. வெயிலா அடிக்கிது, மழையா பெய்யிது!"

அந்த வெளிச்சத்தை அளக்க கேமராவால் முடியவில்லை. பனிமலையில் செய்வது போல அளவைக் கூட்டி வைக்கச் சொல்லித் தெரேசா அனுப்பியிருந்தார், அப்படியே செய்தேன். இங்கே வந்து பிலிமைக் கழுவிப் பார்த்தபோது நெகட்டிவில் உப்பு முழுக்கக் கருப்பு, அக்கா வெள்ளை. தொலைபேசியில் சொன்னேன். "அப்பாடா, ஒரு எடத்துலயாச்சும் செவப்பா இருக்கறனே" என்றாள். அன்று இரண்டு பேரும் நிறையச் சிரித்தோம்.

இந்த வருடம் தொடக்கத்தில்தான் மாமா விஷயத்தைச் சொன்னார். அக்கா வரப்பிலிருந்து இரண்டு முறை கால் தவறி விழுந்திருக்கிறாள். பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனதில், கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதும் ரொம்ப நாள் நிற்காது என்று சொல்லிவிட்டார்களாம். "குயா வயியா பாக்குற மாரி இருக்குது" என்றாள் அக்கா. "உன் மூஞ்சிய பாத்தா மூக்கு மட்டுந்தான் தெரியுது. அதுவும் நல்லா இல்ல."

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. என் வசிப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனுக் கொடுத்திருக்கிறேன். அட்டை கைக்கு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது உறுதியில்லை என்றார்கள். படிப்பு பாதியில் நிற்கும். எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது கடிதம் வரும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை போய் நிற்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்ணிடம் அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் இரக்கத்தோடு கேட்டுவிட்டு, இந்த நகரத்தில் இருக்கும் நல்ல கண் மருத்துவர் ஒருவரின் பெயரைச் சொன்னாள்.

அந்த நாட்களில்தான் வகுப்போடு இந்த ஊர் உப்பளத்துக்குப் போனோம். ஆமாம், இங்கேயும் உப்பளம் உண்டு. ஒரு பாத்தியில் உப்பு விளைகிறது. பக்கத்துப் பாத்தியில் சுற்றுலா வந்தவர்கள் நீச்சலுடையில் உப்புத் தண்ணீருக்குள் உட்கார்ந்து, கறுப்புச் சேற்றை அள்ளி உடம்பில் பூசிக்கொள்கிறார்கள். தோலுக்கு நல்லதாம். உடன் படிக்கும் பையன் ஒருவன், உங்கள் ஊரிலும் இப்படி உண்டா என்று கேட்டான். என் அக்கா நாள் முழுக்க இந்தத் தண்ணீரில்தான் நிற்பாள் என்றேன். "அதிர்ஷ்டசாலி" என்றான். மனதாரத்தான் சொன்னான். நான் கரையோரம் போய், கண் கூசுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டேன்.

அங்கேதான் அந்த எண்ணம் வந்தது. கண் போனாலும் விரல் இருக்கிறதே. அந்தப் படத்தைத் தகட்டில் ஏற்றி ஆழமாக அரிக்க வைத்தால் வரப்புகள் காகிதத்தில் மேடாக எழும்பும். அக்கா தடவிப் பார்த்துத் தன் பாத்தியில் நடந்து போகலாம். நடுச்சாம்பல் நிறங்களை எல்லாம் நீக்கி, வரப்பும் கொட்டகையும் தோப்பும் அக்காவும் மட்டும் கருப்பாக நிற்கும்படி செய்து, பள்ளியில் பிலிம் எடுக்கக் கொடுத்தேன். பள்ளியில் இருந்த மிகத் தடித்த காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். தகட்டை இரண்டு நாள் தொட்டியில் விட்டு விட்டு அரித்தேன். தெரேசா எட்டிப் பார்த்து, தகடே ஓட்டையாகிவிடும், போதும் என்றார். நான் எடுக்கவில்லை. விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் இது எதற்கு?

இரண்டு அச்சுகள் நன்றாக வந்தன. மூன்றாவதில் தகட்டின் விளிம்பு கிழிந்துவிட்டது. ஒன்றை அட்டைக்குள் வைத்து ஊருக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்குப் பார்வை மிச்சமிருந்த அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார் மாமா. நான் அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே ஜெபித்தேன். வேறு எதைச் செய்யவும் எனக்கு வழி இல்லை.

பார்சல் வந்த அன்று மாமா வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டார். அக்கா பாயில் வடக்குப் பார்த்து உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் முழுக் கையையும் வைத்துத் தடவினாள், குழந்தையின் முதுகைத் தடவுவது போல. பிறகு ஒரே விரல்.

"வரப்பு," என்றாள். "ஐயோ, வரப்புடி! தோ பாரு, எப்படி ஏந்துக்கினு நிக்கிது. இது யாரு, நானா? அய்ய, இடுப்பப் பாரு."

"பாத்துத்தான் கட்டிக்கினேன்," என்றார் மாமா பின்னாலிருந்து.

"நீ சும்மா இருய்யா. போன ஒயிங்கா புடி."

விரல் படத்திலிருந்த அவளிடமிருந்து கடல் பக்கம் நகர்ந்தது. தோப்பு இருக்க வேண்டிய இடம். அங்கே நின்றது. திரும்ப அவளிடமே வந்து, மறுபடி போனது. மூன்றாவது முறையும் போனது.

"ஸ்டெல்லா, கடல் பக்கத்துல மோட்டாரு கொட்டா நிக்கிது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அச்சில் இடவலம் மாறும் என்பதால் பள்ளியில் பிலிமை முன்கூட்டியே மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். தகட்டுக்கு வெளிச்சம் காட்டும் ஒளிமேசையில் அந்தப் பிலிமின் கடல் இடப்பக்கம் இருந்தது. மேசைக்கு வலப்பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழி, அதற்கப்பால் கடல். கடல் இருக்கும் பக்கத்தில் படத்தின் கடல் இல்லாமல் கிடக்கிறதே என்று என் கை தானாக அந்தப் பிலிமைப் புரட்டி வைத்திருக்கிறது. மேஸ்திரி மண்ணில் போடுகிற முதல் கோடு போல. ஒரு ஊசியைக்கூட இடம் மாற்றி வைக்காதவள் நான். இங்கே படிக்க வந்த பிள்ளைகள் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் படம் படம்தான், அதற்குத் திசை கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "கண்ணுதான் போச்சின்னு இருந்தேன். வெரலும் போச்சாடி எனுக்கு? எங்க நிக்கிறேன்னே தெரியல."

"இல்லக்கா, நான்தான் தப்பாப் போட்டுட்டேன். மாத்தி வெச்சிட்டேன்க்கா. உன் வெரலு சரியா இருக்குது."

"பொய் சொல்லாத. எனக்காவ சொல்ற நீ."

"மாமா, நீங்க சொல்லுங்க. கொட்டகை எந்தப் பக்கம் இருக்குது?"

மாமா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "ஆமாம்மே, மாத்திதான் இருக்குது. உன் தங்கச்சி கடல தூக்கினு போயி ரோட்டு மேல ஊத்திட்டாள்."

அக்கா சிரிக்கவில்லை. அவருடைய குரலில் எதையோ தேடுகிறவள் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு காகிதத்தை அப்படியே புரட்டினாள். தடித்த காகிதம். முன்னால் எழும்பியது பின்னாலும் தெரியும். பின்பக்கம் விரலை வைத்தாள்.

"இப்ப கடலு சரியா இருக்குது," என்றாள். "தோப்பு இருக்குது. கொட்டா ரோட்டுப் பக்கம் போயிடிச்சி."

அதேதான் அக்கா என்றேன். ஆனால் விரல் ஓயவில்லை.

"ஆனா வரப்பெல்லாம் பள்ளமா இருக்குதேடி. இதுல எப்படி நடக்குறது? தோ, நான் நின்ன எடம் குயி மாரி இருக்குது."

வேறு தகடு போட்டு சரியாக அனுப்புகிறேன் என்றேன். இந்த முறை இரண்டு தடவை சரிபார்க்கிறேன் என்றேன். அவள் காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, போன் இருக்கும் இடம் என்று நினைத்து வேறு எங்கோ முகத்தைத் திருப்பிச் சொன்னாள்:

"வேற ஒண்ணும் அனுப்பாத. நீ வா."

அட்டை இன்னும் வரவில்லை. இன்னொரு அச்சு என்னிடம், என் மேசைமேல் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்க்கிறேன். முன்பக்கத்தில் அக்கா எழும்பி நிற்கிறாள், ஆனால் கடல் இந்த ஊர்ப் பக்கம் கிடக்கிறது. புரட்டினால் கடல் அனுமந்தையில் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. அக்கா நின்ற இடத்தில் என் விரல் உள்ளே இறங்குகிறது.